பிள்ளை வந்துச்சா?

வணக்கம் ஐயா,

ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் ‘நான் பொண்ணு இல்லம்மா, பையன்’ என்கிறாள். இடுப்பு வரை இருந்த சடையை அவளே வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். எறிய மனம் வராமல் பீரோவில் வைத்திருக்கிறேன். போன வாரம் அவள் துணிகளுக்கு நடுவே சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ் கிடந்தது. நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறாளாம். இதையெல்லாம் சரிசெய்கிற டாக்டர் இருக்கிறார், கூட்டிப்போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?

ஒரு அம்மா, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் அந்த பேண்டேஜ். அதை நெஞ்சில் கட்டினால் மூச்சு முட்டும், விலா எலும்பு நோகும். ஆனால் பிடுங்கி வைக்காதீர்கள், உங்களுக்குத் தெரியாமல் வேறொன்று வரும். விளையாடுகிறவர்கள் போடும் அழுத்தமான உள்பனியன் ஒன்றை நீங்களே வாங்கிக்கொடுத்து, நாள் முழுக்கப் போடாதே, தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடு என்று சொல்லுங்கள். உங்கள் கையால் அதைக் கொடுத்தாலே பாதிப் பேச்சு முடிந்த மாதிரி.

அப்புறம் அந்த டாக்டர். போகவே போகாதீர்கள். ஒருவரின் பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. பிறந்த பாலினத்துக்கு வேறாகத் தன்னை உணர்வதை உலக சுகாதார நிறுவனம் மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். நீதிபதியே போனார், அப்பா போவதில் என்ன குறைந்துவிடும்? முதலில் நீங்கள் இரண்டு பேரும் அப்படி ஒரு உளவியலாளரிடம் போங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, பத்தாவது பரீட்சை முடிந்த மறுவாரம் அடி தாங்காமல் வீட்டைவிட்டுப் போனது. எட்டு வருடம் கழித்துத் திருநங்கையாக வாசலில் வந்து நின்றபோது, அந்த அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ‘உன்ன என்னன்னு கூப்பிடட்டும்’ என்று கேட்டார். அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த எட்டு வருடம் வீட்டிலேயே கழிந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்லி அழுவார்.

வாடி என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், ஒரே நாளில் வாடா என்று வராது, தெரியும். அதுவரைக்கும் நம் பேச்சிலேயே இடம் இருக்கிறது. பிள்ளை வந்துச்சா, சாப்பிட்டுச்சா என்று கேட்கலாமே. உங்கள் ஊரில் கண்ணு, சாமி என்று கூப்பிட ஆணென்ன பெண்ணென்ன!

சடை பீரோவிலேயே இருக்கட்டும். இத்தனை வருடம் பின்னிவிட்ட கை, அதற்கும் வருத்தம் இருக்கும்தானே. அழ வேண்டும் போலிருந்தால் அழுதுவிட்டு, இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘உனக்கு நீ என்ன பேர் வச்சிருக்கே’ என்று கேளுங்கள். எப்போதோ ஒன்று யோசித்து வைத்திருப்பான். தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், தளத்தில் போட மாட்டேன்.