தோற்றதும் தங்கையை அறைந்த மகன்

வணக்கம் சகோதரி. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை ஃபோன் விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் உங்கள் 12 வயது மகன் தங்கையை அறைந்துவிட்டான், அவன் அப்பா ஃபோனையே உடைக்கப்போகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து உடைக்கவிடாதீர்கள். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை நொறுக்கலாம் என்று அவனுக்கு நாமே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

பிள்ளை கொலைகாரனாகிவிடுவானோ என்ற பயம் வேண்டாம். கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு இத்தகைய விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு இவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் அறிவித்தது.

ஆனால் அந்த அறை உண்மையானது. என் பெரியவனும் ஒருமுறை இப்படித்தான் அடித்தான். தம்பியின் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடத்தை அருகில் வந்து பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு அவனே போய் ஐஸ்கட்டி எடுத்துவந்தான்.

ஆட்டத்தின் நடுவில் ஃபோனைப் பிடுங்காதீர்கள், வெறிதான் ஏறும். "இந்த ஆட்டத்தோடு போதும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அறைக்குள் அல்ல, கூடத்தில் உட்கார்ந்து ஆடட்டும்.

இன்னொன்று. பள்ளியில் அவனை யாராவது அடிக்கிறார்களா? அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேளுங்கள்.