10-க்கு 12 அடி அறையில், சப்வூஃபர் இணைப்பே இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் 5 அங்குல ஸ்பீக்கர்களும் இருக்கும்போது சப்வூஃபர் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். பேஸ் எனும் அடிநாதத்துக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்தான் சப்வூஃபர். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையும் இதே அளவுதான். உங்களிடம் இருப்பது போன்ற 5 அங்குல ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கத் திணறும். பேஸ் கிடாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ். அந்த அடிநாதம் உங்கள் அறைக்கு இதுவரை முழுதாக வந்தே இருக்காது.

ஆனால் எந்தப் பெட்டி என்பதைவிட எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. வாங்கி வந்த அன்று பீரோவுக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும்', பீரோவின் கைப்பிடி கிடுகிடுவென ஆடியது. காரணம் அறைதான். 12 அடி என்றால் ஏறத்தாழ 3.66 மீட்டர், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்த நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கி வீங்கும். மூலையில் வைத்தால் அந்த வீக்கம் உச்சத்துக்குப் போகும்.

வழி இருக்கிறது. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் மேல் சப்வூஃபரை வையுங்கள். பேஸ் மேலும் கீழும் நடமாடும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக மண்டியிட்டு நகர்ந்தபடியே கேளுங்கள். எல்லாச் சுரங்களும் ஒரே அளவாகக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். அதுதான் அதன் இடம். எனக்கு அது ஜன்னலுக்குக் கீழே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அகப்பட்டது.

இணைப்புக்குக் கவலை வேண்டாம். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள, ஸ்பீக்கர் ஒயரையே நேரடியாக ஏற்கும் சப்வூஃபராகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே கூடுதலாக ஒயர் இழுத்தால் போதும். சப்வூஃபருக்குள் தனி ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் உங்கள் பழைய பெட்டிக்குச் சுமை கூடாது. சிறிய அறைக்கு 8 அல்லது 10 அங்குலத்தில், துளையில்லாத மூடிய பெட்டியே என் தேர்வு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருக் கடையில் அதிர அதிரப் போட்டுக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த அறை வேறு, உங்கள் அறை வேறு.

எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை சப்வூஃபர் எடுத்துக்கொள்ளும் என்று தீர்மானிக்கும் கிராஸ்ஓவர் திருகை 60 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள், 80-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் ஒலி எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். சப்வூஃபரின் அலையை ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் (phase) சுவிட்சை வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, நாற்காலியில் இருந்தபடி கேளுங்கள். பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கம் சரி. கடைசிச் சோதனைக்கு எனக்கு மிருதங்கம்தான். மிருதங்கத்தின் தடித்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியில் விழும் அடி ஜன்னலுக்குக் கீழிருந்து கேட்டால் சப்வூஃபரின் ஒலியைக் குறையுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, வலப்பக்கமான வலந்தலை ஒலிக்கும் அதே இடத்திலிருந்து வர வேண்டும். அப்படி வந்த அன்று, பல வருடமாகக் கேட்ட கச்சேரியை அசையாமல் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பாட்டை ஓடவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறையில் போய் நின்று பார்த்தேன். ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் மெல்லக் கிணுகிணுத்தன. அடியில் ரப்பர் வைத்தேன், தரை அதிர்வு குறைந்தது. காற்றுவழி சுவரைத் தாண்டும் பேஸை ரப்பர் தடுக்காது. அவர்கள் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. இரவு 8 மணிக்கு மேல் சப்வூஃபரை மட்டும் அணைத்துவிடுகிறேன்.