பார்ம்.டி.: ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்வதற்காகச் சேர்க்காதீர்கள்

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பை உயிரியல்-கணிதப் பிரிவில் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவள். இரண்டு முறை நீட் எழுதியாயிற்று. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. தாய்மாமா வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பணம் புரட்டலாம் என்பதும் அவர் யோசனைதான். பெரியப்பா வீட்டிலோ இன்னொரு வருடம் கோச்சிங் போகட்டும் என்கிறார்கள். இதற்கு நடுவே யாரோ பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) என்று ஒரு மருந்தியல் படிப்பு இருக்கிறது, ஆறு வருடம் படித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். “அதையாவது சேர்த்துவிடலாமா? சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை” என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. உங்கள் பெண் கதவைச் சாத்திக்கொண்டு படித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். உறவுக்காரர்கள் பார்த்தது ரிசல்ட்டை மட்டும்தான். ஆனால் ஆறுதல் இத்தோடு போதும். எம்.பி.பி.எஸ். கிடைக்காத குறையை மறைக்க பார்ம்.டி.யில் சேர்ப்பதாக இருந்தால், சேர்க்கவே வேண்டாம்.

முதலில் மாமாவின் யோசனையை முடித்துவிடுகிறேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருகிறவர்கள் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வில் 300-க்கு 150 எடுத்தாக வேண்டும். 2023 ஜூனில் அதில் தேறியவர்கள் 100-க்கு 10 பேர் அளவில்தான். 2024 ஜூனில் 100-க்கு 21 பேர் அளவில். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாத இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்கே மறுபடியும் 12 மாத இன்டர்ன்ஷிப். ஏஜெண்டுகள் தருகிற வழுவழுப்பான நோட்டீஸில் இந்தக் கணக்கு இருக்காது. நடுவில் ஒரு வருடம் தடைப்பட்டாலும் வட்டி நிற்காது. குடியிருக்கிற வீட்டை இதற்காக அடகு வைக்காதீர்கள். மாமா எவ்வளவு பாசத்தோடு சொன்னாலும் சரி, இந்த ஒன்றில் நீங்கள் அசையக் கூடாது.

சரி, மூன்றாவது முறை நீட்? அவளாகக் கேட்டால் யோசிக்கலாம். உங்கள் கடிதத்தில் மாமா பேசுகிறார், பெரியப்பா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரே ஒரு இடத்தில் அவள் வருகிறாள்: பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அவள்தான் வேளைக்கு வேளை பிரித்து வைக்கிறாள், டாக்டர் மாத்திரையை மாற்றினால் ஏன் மாற்றினார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். யாரும் சொல்லாமல் ஒரு பெண் தானாகச் செய்கிற காரியம் அது. நர்சிங், பிசியோதெரபி, பயோடெக் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவற்றுக்குள் போகாமல் பார்ம்.டி.யைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். டாக்டர் பட்டத்தை மறந்துவிட்டுப் படியுங்கள்.

மருந்துப் படிப்பு என்றதும் நம்மூரில் மெடிக்கல் ஷாப்தான் கண்ணுக்கு முன் வரும். பி.பார்ம். என்றால் மாத்திரை தயாரிக்கிற கம்பெனி. பார்ம்.டி.யோ ஆஸ்பத்திரி வார்டுக்கான படிப்பு. ஒரு ஜெனரல் மெடிசின் வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் பார்ம்.டி. மாணவி ஒருத்தி கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்க்கிறாள். நோயாளி இதய வால்வு மாற்றிக்கொண்ட பெண்மணி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டு வருகிறார். இப்போது டிபி என்று தெரிந்து ரிஃபாம்பிசின் தொடங்கியிருக்கிறார்கள். ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கிற நொதிகளைத் தூண்டிவிடும். அதனால் வார்ஃபரின் வேகமாகக் கழிந்துபோகும். பழைய டோஸையே ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற அளவு) இறங்கும், வால்வில் ரத்தம் கட்டலாம். டோஸைக் கூட்டினால் அப்புறம் இன்னொரு சிக்கல்: டிபி மருந்து முடிந்த பிறகு கூட்டிய டோஸ் அப்படியே தொடர்ந்தால் ரத்தப்போக்கு வரும். இந்த இரண்டு ஆபத்தையும் முன்கூட்டியே கணித்து, “ஐ.என்.ஆர். அடிக்கடி பார்க்கணும் சார், டிபி கோர்ஸ் முடிஞ்ச அப்புறமும் சில வாரம் பார்க்கணும்” என்று ஆதாரத்தோடு டாக்டரிடம் போய்ச் சொல்வதுதான் கிளினிக்கல் பார்மசிஸ்டின் வேலை. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் டாக்டர். எழுதிய மருந்து அந்த உடம்பில், மற்ற மருந்துகளோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று விடாமல் பின்தொடர்வது இவர்.

டிஸ்சார்ஜ் நேரத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். தினசரி மாத்திரைதானே என்று நினைத்து தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து ஆபத்தான நிலையில் மறுபடி அட்மிட் ஆகிறவர்கள் உண்டு. ‘வாரம் ஒருமுறை’ என்று சொல்லி அனுப்பினால் போதாது. எந்தக் கிழமை என்று நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்து, ‘எங்கே, நீங்க சொல்லுங்க பார்ப்போம்’ என்று திரும்பக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். பாட்டிக்கு மாத்திரை பிரித்துக் கொடுக்கிற பெண்ணுக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே இருக்கிறது.

மருந்தால் ஏதாவது பக்கவிளைவு வந்தால் அதைப் பதிவு செய்வதும் இவர்கள் வேலைகளில் ஒன்று. 2010-இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நாடு முழுவதும் மருத்துவமனைகளில் மையங்கள் உண்டு. தலைமை மையம் காசியாபாத்தில் இருக்கிறது. அதற்கென்று ஒரு படிவம். நோயாளியின் முழுப் பெயர் அதில் வராது, முதலெழுத்துகள் மட்டும். வயது, எடை, சந்தேகப்படுகிற மருந்து, அதன் பேட்ச் எண், எப்போது தொடங்கியது, மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி கொடுத்தபோது திரும்ப வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்ப வேண்டும். சென்னையிலேயே ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய கம்பெனிகளில் இப்படிப்பட்ட அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் அலசுகிற பார்மகோவிஜிலன்ஸ் வேலைகள் இருக்கின்றன. ஷிப்ட் உண்டு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வேண்டும், நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியாது. மனிதர்களோடு பேசப் பிடித்த பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்று முன்பே யோசிக்க வேண்டும்.

இனி, சேர என்ன வேண்டும் என்பது. இந்திய மருந்தியல் கவுன்சில் இந்தப் படிப்பை 2008-இல் விதிமுறைகளோடு கொண்டுவந்தது. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவதாக உயிரியல் அல்லது கணிதம். டி.பார்ம். டிப்ளமோ முடித்தவர்களும் சேரலாம். சேர்கிற ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். நீட் தேவையில்லை. உங்கள் பெண்ணுக்குத் தகுதியில் ஒரு தடையும் இல்லை.

படிப்பு ஐந்து வருடம், ஆறாவது வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. இரண்டாம் ஆண்டிலிருந்தே நோய்களும் அவற்றுக்கான மருந்துச் சிகிச்சையும் வந்துவிடும். நான்காம் ஆண்டில் கிளினிக்கல் பார்மசி, புள்ளியியல், நச்சியல். ஐந்தாம் ஆண்டில் ரத்தத்தில் மருந்தின் அளவை வைத்து டோஸ் கணக்கிடுவது, ஆறு மாத ஆய்வுத் திட்டம். இந்தக் கணக்கு லேசுப்பட்டது இல்லை. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயினில் டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் அளவு ஒரேயடியாக ஏறிவிடும். அதை எழுத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கணிதம் படித்தவள் என்பது அவளுக்கு இங்கே உதவும். வருகைப் பதிவு 80 விழுக்காடு வேண்டும், தேர்ச்சிக்கு எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியாக 50. கோச்சிங்கிலிருந்து களைத்துப் போய் வருகிற பிள்ளை, இனி கொஞ்சம் இளைப்பாறலாம் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாந்து போவாள்.

பிரத்தியேகத் துறை (ஸ்பெஷலைசேஷன்) எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேரும்போது தேர்வு செய்ய அப்படி ஒரு பிரிவும் கிடையாது. ஆறாம் ஆண்டில் ஆறு மாதம் பொது மருத்துவம், அப்புறம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். அந்த மூன்றும் ஐந்தாம் ஆண்டின் ஆய்வும் சேர்ந்துதான் ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை முடிவு செய்யும். குழந்தைகள் பிரிவில் எல்லாமே உடல் எடைக் கணக்கு. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு டோஸ். மனநலப் பிரிவில் நோயாளியும் குடும்பமும் மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. புற்றுநோய்ப் பிரிவில் உடல் பரப்பளவை வைத்து டோஸ் கணக்கிட்டு, மருந்து கலக்குகிறவருக்கும் ஆபத்து வராமல் தனிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் கலக்க வேண்டும். ஆராய்ச்சியில் நாட்டம் என்றால் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-இல் தொடங்கிய அந்த மையத்தின் ஆய்வுதான், டிபி நோயாளிகளை சானட்டோரியத்தில் வைக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. மருந்து ஆராய்ச்சி என்றால் ஹைதராபாத், பெங்களூர் என்று ஓடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பார்ம்.டி. முடித்தவர் நேரடியாகப் பிஎச்.டி.யும் சேரலாம்.

அமெரிக்காவில் கிளினிக்கல் பார்மசிஸ்டுகளுக்குப் புற்றுநோய், தீவிர சிகிச்சை, உறுப்பு மாற்று, தொற்றுநோய் என்று தனித்தனி போர்டு சான்றிதழே உண்டு. அங்கே லைசென்ஸ் வாங்கப் போகிறவரின் பட்டம் குறைந்தது ஐந்து வருடப் படிப்பாக இருக்க வேண்டும் என்பதால் நம் நான்கு வருட பி.பார்ம். ஏற்கப்படாது, பார்ம்.டி. ஏற்கப்படும். ஆனால் அதற்கப்புறம் தேர்வுகள், ஆங்கிலத் தேர்வு, பயிற்சி நேரம், விசா என்று செலவு நீண்டுகொண்டே போகும். அமெரிக்காவை நம்பி இங்கே கடன் வாங்காதீர்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நம் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் வேலைக்கு இரண்டு வருட டி.பார்ம். போதும், ஆறு வருடம் படித்ததற்காகத் தனி மரியாதை எதிர்பார்க்க முடியாது. கிளினிக்கல் பார்மசிஸ்டுகளை எடுப்பது பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகள்தான், அங்கேயும் தொடக்கச் சம்பளம் குறைவு. சில டாக்டர்கள் இவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் அந்த டாக்டர் பட்டம். போட்டுக்கொள்ளலாம் என்று மருந்தியல் கவுன்சில் சொல்லியிருக்கிறது. ஆனால் கிளினிக் வைக்க முடியாது, சிகிச்சை பார்க்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்காக ஒரு பெண்ணின் ஆறு வருடத்தைச் செலவழிக்காதீர்கள். ‘எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?’ என்று யாராவது கேட்கும்போதெல்லாம் கூசி நிற்பது அவள்தான்.

கல்லூரி விஷயத்தில் கறாராக இருங்கள். கவுன்சில் விதிப்படி 300 படுக்கை மருத்துவமனை ஒன்று சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ இருந்தாக வேண்டும். கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். தினமும் வார்டுக்குப் போகிறீர்களா, டாக்டர்கள் உங்களை ரவுண்ட்ஸில் சேர்த்துக்கொள்கிறார்களா, இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை உண்டா, அந்த வருடத்துக்கும் கட்டணம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். வார்டுக்கே போகாமல் முடிக்கிற பார்ம்.டி. வெறும் காகிதம். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் ஆறு வருடத்துக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். உங்கள் சம்பளமும் அடமானமில்லாத கல்விக் கடனும் சேர்த்து அந்தத் தொகையைத் தொட முடியாவிட்டால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

பணம் இடிக்கிறது, அல்லது அவளுக்கே இன்னும் உறுதி வரவில்லை என்றால் பி.பார்ம். சேரட்டும். நான்கு வருடம் கழித்து வார்டு வேலைதான் வேண்டும் என்று தோன்றினால் மூன்று வருட பார்ம்.டி. (போஸ்ட் பாக்கலரேட்) இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். மொத்தத்தில் ஒரு வருடம் கூடும், இடங்களும் குறைவு. ஆனாலும் நடுவில் கையில் ஒரு பட்டம் இருக்கும், நின்று யோசிக்க அவகாசம் இருக்கும்.

இந்த வாரம் இதை அவளிடமே படிக்கக் கொடுங்கள். மாமாவையும் பெரியப்பாவையும் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அந்த வார்டு வேலை பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றாலும், இன்னொரு முறை நீட் எழுதுகிறேன் என்று அவளே சொன்னாலும், எனக்கு எழுதுங்கள், அதைப் பேசுவோம். உறவுக்காரர்களிடம் பதில் சொல்கிற பொறுப்பை நீங்களும் அவள் அப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவளை அந்தக் கூடத்தில் உட்கார வைக்காதீர்கள்.