பிறவிக் குணமா, வளர்ப்பா?

"ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் முற்றிலும் வேறுபட்டிருப்பது மரபணுவாலா, வளர்ப்பாலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியே பிரித்து எடைபோட இயலாது என்பதே என் பதில்.

எங்கள் கடலூர் மாவட்டத்து முந்திரி விவசாயிகள் இதை நன்கறிவர். ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சிகள் மரபணுவில் ஒன்றே. ஆயினும் ஒன்றைப் பண்ருட்டிச் செம்மண்ணிலும் மற்றொன்றை உப்புக்காற்று வீசும் தேவனாம்பட்டினத்து மணலிலும் நட்டால், கிளை படர்வதும் காய்ப்பதும் ஒன்றாக இராது.

மனிதரில் தெளிவான சான்று, 1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்த பினைல்கீட்டோனூரியா என்னும் மரபுநோய். உணவுப் புரதத்திலுள்ள பினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடலில் வேறு பொருளாக மாற்றும் நொதி சரிவர இயங்காததால், அது இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஆனால் பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, அந்த அமிலம் மிகக் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்துவந்தால், அக்குழந்தை பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கிறது. மரபணு மாறவில்லை, உணவு மட்டுமே மாறியது.

ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுக்கூறுகளில் சராசரியாகப் பாதியே உடன்பிறந்தோரிடையே பொதுவானவை. வீடும் இருவருக்கும் ஒன்றன்று: தம்பிக்கு ஓர் அண்ணன் இருக்கிறான், அண்ணனுக்கு இல்லை.