பென்சில் மரம் கேட்டவருக்குப் புதர்!
(வாங்குவோர் கேள்வி-பதில்)

கே: பென்சில் போல ஒல்லியாக நிற்கும் சைப்ரஸ் மரம் எவ்வளவு உயரம் வரும்? மதிலை ஒட்டி ஒன்றரை அடி இடம் இருக்கிறது. – ராணிப்பேட்டை

ப: சொந்த ஊரான மத்தியதரைக் கடல் பக்கத்தில் நூறு அடியைத் தாண்டும். ஒன்றரை அடியில் மல்லிகைக் கொடி வையுங்கள்.

கே: 'இத்தாலியன் சைப்ரஸ்' என்று கன்று 650 ரூபாய்க்குப் பத்து வாங்கினேன். நர்சரிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் பென்சில் போல நின்றது. ஒரு வருடம் ஆகிறது, முட்டை வடிவத்தில் உப்பி நிற்கிறது. இலை தட்டை. பில்லில் 'செடி 10' என்று மட்டும் இருக்கிறது. – குடியாத்தம்

ப: உங்களுக்குத் தந்தது துஜா என்கிற புதர்ச்செடி. தப்பு உங்கள் மேல் இல்லை. கன்றாக இருக்கும்போது பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். துஜாவின் கிளைநுனிகள் தட்டையாக, செங்குத்தாக அடுக்கி நிற்கும். இளங்காய் நீலம் பாரித்திருக்கும், அதில் கொக்கி கொக்கியாக நீட்டிக்கொண்டிருக்கும். சைப்ரஸ் கரும்பச்சை. செதில் இலைகள் குச்சியோடு ஒட்டிக் கிடக்கும், நுனிகள் நாலா பக்கமும் போகும். காய் உருண்டை, முற்றினால் ஒரு அங்குலம் இருக்கும்.

இந்த 'செடி 10' பில்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாதாரண பல்பு வாங்கினால்கூட எத்தனை வாட் என்று அட்டையில் போட்டிருக்கிறது. தலைமுறை தாண்டி நிற்கிற மரத்துக்குப் பெயர் எழுதித் தர மாட்டார்களாம். கேட்டால் "எல்லாம் ஒரே குடும்பம்தான் சார்" என்பார்கள். குடும்பம் ஒன்றுதான். அதற்காக அண்ணனைக் காட்டிப் பெண் கேட்டுவிட்டுத் தம்பியை மணவறையில் உட்கார வைப்பார்களா? பில்லில் 'குப்ரெசஸ் செம்பர்வைரன்ஸ்' என்று இத்தாலியன் சைப்ரஸின் தாவரவியல் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். விதைக் கன்றா என்றும் கேளுங்கள். விதையில் வந்தது நேராகவும் போகும், கிளை விரித்தும் போகும்.

சரி, உங்கள் பணம். அந்தப் படம், பேசிய மெசேஜ், பணம் அனுப்பிய பதிவு எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். கடைக்காரர் மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. விடாதீர்கள்.

கே: மே மாதம் ஆன்லைனில் கோல்டன் சைப்ரஸ் வரவழைத்து மொட்டைமாடியில் வைத்தேன். பத்தே நாளில் காய்ந்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? – ஆம்பூர்

ப: இது இத்தாலியன் சைப்ரஸ் இல்லை, வேறு இனம். கலிபோர்னியாக் கடலோரப் பனிமூட்டத்தில் வளர்கிற மரத்தைக் கத்திரி வெயிலில், அதுவும் மொட்டைமாடியில்! விற்றவர் என்ன செய்வார்? இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும் என்றார்கள், நானும் ஒன்று வாங்கினேன். வாசம் வந்தது. அந்தத் தொட்டியில் இப்போது கறிவேப்பிலை இருக்கிறது.

கே: சைப்ரஸை இலையில்லாத கட்டை வரை வெட்டிவிட்டேன். எப்போது துளிர்க்கும்? – சத்துவாச்சாரி

ப: துளிர்க்காது.

கே: நம் வெயிலுக்கு ஒல்லியாக, உயரமாக, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம் எது? – வாலாஜா

ப: நெட்டிலிங்கம். கிளை கீழ்நோக்கித் தொங்குகிற ரகமா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், கவரைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால் அது கவரிலேயே ரொம்ப நாள் கிடந்த கன்று, வேண்டாம்.