கணினி கேள்வி–பதில்: அப்டேட் போட்டும் அடைபடாத ஓட்டை

கேள்வி: உபுண்டு சர்வரில் கேவிஎம் (ஒரே கணினியில் பல விஎம்களை ஓட்டும் வசதி) போட்டு, டேலி ஓடும் விண்டோஸ் உட்பட நான்கு விஎம்கள் (மென்பொருளால் உருவாக்கிய கணினிகள்) வைத்திருக்கிறோம். விஎம்களை ஓட்டும் புரோகிராமான கியூஎமுவுக்குப் பாதுகாப்பு அப்டேட் போட்டு, எல்லா விஎம்களையும் ரீஸ்டார்ட் செய்தோம். ஆடிட்டரோ 'பழைய பதிப்புதான் இருக்கிறது' என்கிறார். யார் சொல்வது சரி?
– சிப்காட் யூனிட் வாசகர், ஓசூர்

பதில்: பதிப்பு எண்ணை வைத்து மட்டும் அவர் சொன்னால் அது செல்லாது. உபுண்டு, ஓட்டையை அடைக்கும் வரிகளைப் பழைய பதிப்பிலேயே சேர்த்துத் தருகிறது. எண்ணின் முன்பகுதி மாறாது, வால் மட்டும் மாறும். 'ஆப்ட் சேஞ்ச்லாக்' கொடுத்து, அதில் சிவிஇ எண்ணை (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) தேடிக் காட்டுங்கள்.

ஆனாலும் உங்கள் விஎம்கள் இன்னும் பழைய கியூஎமுவில்தான் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தால் உள்ளே இருப்பதுதான் புதிதாகத் தொடங்கும். வெளியே ஹோஸ்டில், அதாவது உபுண்டு சர்வரில், உள்ள கியூஎமு புராசஸ் சாவதில்லை. மெமரியில் ஏறிய பழைய புரோகிராம் அப்படியே இருக்கும். சோதிக்க, ரூட் உரிமையோடு 'புராக்' ஃபோல்டருக்குள் அந்த புராசஸ் எண்ணில் 'எக்ஸ்இ' எங்கே சுட்டுகிறது என்று பாருங்கள். கடைசியில் 'டெலிட்டட்' என்று வந்தால் பழையது.

விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்து, 'விர்ஷ் லிஸ்ட்' (விர்ஷ் என்பது விஎம்களை நிர்வகிக்கும் கட்டளை) பட்டியலிலிருந்து மறைந்த பிறகு ஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுனுக்கு அசையாவிட்டால் 'விர்ஷ் டெஸ்ட்ராய்' பக்கம் போகாதீர்கள். அது கரண்ட் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம், டேலி டேட்டா கெடலாம். விண்டோஸுக்குள் போய் ஸ்டார்ட் மெனுவில் நிறுத்துங்கள். நிறுத்தவே முடியாத விஎம் என்றால் 'விர்ஷ் சேவ்', பிறகு 'ரீஸ்டோர்'; திரும்ப எழும்போது புதிய புராசஸ் வரும். விஎம்முக்குக் கொடுத்த ரேம் அளவுக்கு டிஸ்க்கில் இடம் வேண்டும். எழுந்ததும் கடிகாரம் பின்தங்கியிருக்கும், பில் போடும் முன் நேரத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: கல்லூரி லேபில் மாணவர்களுக்கு விஎம் தருகிறோம். விஎம்முக்கு கியூஎமு காட்டும் போலி டிவைஸ்களில் எவற்றை நீக்கினால் பாதுகாப்பு?
– தருமபுரி வாசகர்

பதில்: முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கியூஎமு, பிராசஸரையே மென்பொருளால் போலச் செய்யும் டிசிஜி முறைக்கு இறங்கிவிடலாம். அதைப் பாதுகாப்பு வேலியாக கியூஎமு திட்டமே கணக்கில் எடுப்பதில்லை.

டிவைஸ் விஷயத்தில் 2015-இல் வெளிவந்த 'வெனம்' என்ற கியூஎமு ஓட்டை நல்ல பாடம். ஃப்ளாப்பி கன்ட்ரோலரின் 512 பைட் பஃபரில் (தற்காலிக நினைவிடம்) இரண்டு கட்டளைகள் முடிந்தபின் இடக்குறியைப் பூஜ்ஜியமாக்கவில்லை; தொடர்ந்து எழுதினால் எல்லை தாண்டும். 2004-லிருந்து இருந்த பிழை. ஃப்ளாப்பி டிரைவை நீக்கியிருந்தாலும் கன்ட்ரோலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் புதிய விஎம்களுக்கு கியூ35 மெஷின் வகையை (விஎம்முக்கான போலி மதர்போர்டு மாடல்) தேர்ந்தெடுங்கள், அதில் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் தானாக வராது. ஏற்கெனவே ஓடும் விண்டோஸ் விஎம்மை இந்த வகைக்கு மாற்றாதீர்கள், பூட் ஆகாமல் போகலாம். நெட்வொர்க்குக்கு ரியல்டெக் 8139 கார்டு வேண்டாம், விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ போதும். விண்டோஸுக்கு விர்ட்ஐஓ டிரைவரை முன்பே ஏற்றிவிடுங்கள். சவுண்ட் கார்டைத் தயங்காமல் நீக்கலாம். யூஎஸ்பி டேப்லெட்டை (மவுஸ் இடத்தைச் சரியாகக் காட்டும் போலி டிவைஸ்) எடுத்தால், விஎம் திரையை வேறு கணினியில் காட்டும் விஎன்சியில் மவுஸ் விலகி ஓடும், லேபில் அது தொல்லை.

விஎம்மைத் தொடங்கும்போது 'பெர்மிஷன் டினைடு' வந்ததும் ஆப்ஆர்மரை (புரோகிராம்கள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் உபுண்டு காவல்) நிறுத்துவது, கியூஎமுவை ரூட்டாக ஓட்டுவது இரண்டும் கூடாது. ஓட்டை வழியே ஒருவர் வெளியே வந்தால் எதிரே நிற்கும் கடைசிச் சுவர் இந்தக் கட்டுப்பாடுகள்தான். டிஸ்க் ஃபைலை 'வர் லிப் லிப்விர்ட் இமேஜஸ்' ஃபோல்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் அந்தப் பிழை போய்விடும்.