அப்போதே சொன்னவர் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

போன மாதம் என் மகள் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது, தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லையைப் பெண்கள் வெளியே சொல்லும் மீ டூ பற்றிப் பேச்சு வந்தது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஆள் பெரிய இடத்துக்கு வந்தபிறகு சொன்னால் எப்படி நம்புவது என்று கேட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்விட்டாள். இது மேல்நாட்டு மோகம், பொய்ப் புகாரால் குடும்பங்கள் சீரழிகின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. நான் கேட்டதில் என்ன தவறு? அவளுக்குக் கொடுக்க நடுநிலையான புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

மகள் எழுந்துபோனது உங்களை உறுத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். கடிதத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மேல்நாட்டு மோகம் என்பதற்கு நான் மெனக்கெடப் போவதில்லை. தரானா பர்க் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் 2006-இல் 'மீ டூ' என்று தொடங்கினார், 2017-இல் ஹாலிவுட் நடிகைகள் அதைக் கையில் எடுத்தார்கள். அதெல்லாம் சரி. நான் கீழே சொல்லப்போகும் பட்டேரி கிராமம் எந்த மேல்நாட்டில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பொய்ப் புகார் உண்டுதான். நிலத் தகராறிலும் உண்டு. அதற்காக யாரும் பத்திரப்பதிவை மூடச் சொல்வதில்லை. அப்புறம் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், சேர்ந்த அன்றைக்கே டைப்பிஸ்ட் அக்கா ஒருவர் என்னைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் கூப்பிட்டார். இன்ன அதிகாரி கூப்பிட்டால் ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போ, கதவு மூடாதபடி கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போ, ரெக்கார்ட் ரூமுக்கு மட்டும் தனியாகப் போகாதே. மதியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதையும் அதே குரலில்தான் சொன்னார். அங்கே எல்லாப் பெண்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கட்டையை யார் அங்கே கொண்டுவந்து போட்டது, எதற்கு என்று பக்கத்து மேசை ஆண்கள் ஒருவரும் கேட்டதில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் போவார்கள், வருவார்கள். சொல்லவில்லை என்று நீங்கள் சொல்வது, உங்கள் காதில் விழவில்லை என்பதைத்தான் ஐயா.

அப்போதே வாய்விட்டுச் சொன்ன ஒருவருக்கு என்ன நடந்தது, கேளுங்கள். பன்வாரி தேவி, குயவர் சாதி. ஜெய்ப்பூரை அடுத்த பட்டேரியில், ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற ஊர்ப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. 1992-இல் செல்வாக்குள்ள குஜ்ஜர் சாதிக் குடும்பம் ஒன்று 9 மாதக் குழந்தைக்குக் கல்யாணம் வைத்தது. வேண்டாம் என்று இவர் போய்ச் சொன்னார். கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் தடுக்க வந்தவள் என்ற பகை நின்றுவிட்டது. செப்டம்பர் 22 அன்று கணவரோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஐந்து பேர் வந்து கணவரை அடித்துவிட்டுத் தன்னை வன்புணர்வு செய்தார்கள் என்பது அவருடைய புகார்.

மறுநாளே காவல் நிலையம் போனார். உங்கள் கணக்குப்படி தாமதமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் டாக்டர் இல்லை என்று ஜெய்ப்பூருக்கு அனுப்பினார்கள். ஜெய்ப்பூர் மருத்துவமனை மாஜிஸ்திரேட் உத்தரவு கேட்டது. மாஜிஸ்திரேட்டோ அலுவல் நேரம் முடிந்துவிட்டது என்றார். 24 மணி நேரத்துக்குள் நடக்கவேண்டிய பரிசோதனை 52 மணி நேரம் கழித்து நடந்தது. காவல் நிலையத்தில் தடயம் என்று பாவாடையைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். கணவரின் ரத்தக்கறை படிந்த துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பினார். அப்புறம் ஊர் விலக்கிவைத்தது.

1995 நவம்பரில் ஜெய்ப்பூர் அமர்வு நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து ஐவரையும் விடுவித்தது. கண்ணெதிரே மனைவிக்கு இப்படி நடந்தால் ஒரு கணவன் பார்த்துக்கொண்டு நிற்பானா என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் அதற்குள் இறந்தே போனார்கள். உடனே சொல்லாதவளை ஏன் சொல்லவில்லை என்று குடைகிறீர்களே, உடனே சொன்னவளுக்கு இருபது முப்பது வருஷமாகப் பதில் சொல்லாதவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா? உங்கள் மகள் எழுந்துபோனதோடு விட்டாளே என்றிருக்கிறது.

ஆனால் அந்த வழக்கை ஒட்டிப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான், வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 1997-இல் அந்த நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013 சட்டம் அதிலிருந்து வந்தது. உங்கள் மகளின் அலுவலகத்தில் உள் புகார்க் குழு இருக்கிறதென்றால் அதற்குப் பட்டேரிக்காரிதான் காரணம். அந்தச் சட்டமுமே மூன்று மாதத்துக்குள் புகார் கொடு என்கிறது, போனால் போகிறது என்று குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். பயந்துபோன புதுப்பெண்ணுக்குப் பயிற்சிக் காலம் முடியவே அதைவிட அதிகநாள் ஆகும். தன்னிடம் தவறாக நடந்தார் என்று சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. அதற்கும் மேல்முறையீடு போயிருக்கிறது.

நடுநிலையான புத்தகம் கேட்டீர்கள். மகளுக்கு ஒன்றும் வேண்டாம், அவளுக்குத் தெரியும். விசாகா தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது, சின்னதுதான், நீங்கள் படியுங்கள். பன்வாரி என்ற பெயரை அதில் தேடாதீர்கள். ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் ஒரு சமூக சேவகி என்று மட்டும்தான் இருக்கும். படித்துவிட்டு எழுதுங்கள், கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

அன்புடன்